திங்கட்கிழமை எடை, ஞாயிற்றுக்கிழமை ஏற்றம்

எடைப் பயிற்சி கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிப் பேச எனக்கும் ஆசைதான். பதக்கம் வாங்கிய பிள்ளைகளோடு எடுத்த போட்டோக்கள் வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. அதைப் பார்த்து உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் எழுதிப் போட்ட ஒரு விதியால், எங்கள் ஹாஸ்டலிலேயே அதிகம் உழைத்த ஒரு பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக இருந்தாள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள், நன்றாகவே முடியும். நன்றாக முடியாமல் போயிருந்தால் நான் இதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். கல்லூரி நாட்களில் பளு தூக்கினேன். அப்புறம் திருவனந்தபுரத்தில் ஒரு விளையாட்டு ஹாஸ்டலில் எடைப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. இருபத்தேழு வருடம் அங்கேதான். இந்த ஊரில் எதைக் கற்றுக்கொடுக்கும் பெண்ணானாலும் அவள் டீச்சர்தான், அதனால் நானும் டீச்சரானேன். ஓட்டக்காரர்கள், மல்யுத்தக்காரர்கள், கபடிக்காரர்கள் எல்லாரும் என் ஜிம்முக்குச் சந்தோஷமாக வருவார்கள். சைக்கிள்காரிகள் மட்டும் வாசலோடு நின்றுகொள்வார்கள். குளிக்கக் கூப்பிட்டால் பூனை எப்படிப் பார்க்குமோ அப்படி அந்த இரும்புப் பாரைப் பார்ப்பார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுடைய கோச் அப்படிப் பழக்கி வைத்திருந்தார். அவரை நான் 'சார்' என்றே குறிப்பிடுகிறேன். பெயரை எழுதினால் இந்த வயதிலும் என்னோடு சண்டைக்கு வருவார். சைக்கிள் பந்தயத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. சீசன் தொடங்கும் அன்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, அடுத்த எட்டு மாதம் பிள்ளைகளின் உடம்பு எடையைக் கிராம் கணக்கில் எழுதி வைப்பார். எடைப் பயிற்சி என்று நான் ஆரம்பித்தாலே அவரிடம் ஒரு கேள்வி தயாராக இருக்கும்.

"டீச்சரே, ஒரு கிலோ கூடினா அத ஏத்தத்துல யாரு தூக்கும்? நீங்களா?"

நான் பல வருடம் மன்றாடினேன். இங்கே ஜூனில் மழை பிடித்தால் டிராக் ஈரமாகிவிடும், ரோடும் நம்ப முடியாது. ஓணம் வரைக்கும் சைக்கிள்காரிகளுக்கு ஆஃப் சீசன். அந்தப் பன்னிரண்டு வாரத்தை எனக்குக் கொடுங்கள், தொடையிலும் இடுப்பிலும் பலம் ஏற்றித் திருப்பித் தருகிறேன், எடை கூடாது, கூடினாலும் அந்த எடை உங்களுக்கு உழைக்கும் என்று வருடா வருடம் கேட்டேன். கடைசியில் ஒரு நாள் அவர் அலுத்துப்போய், "செரி. ஒரு மழ தர்றேன். ஒரே ஒரு மழ" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கிடைத்த ஒரே மழையை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டு விதிகளை எழுதினேன். ஒன்று, அந்தப் பன்னிரண்டு வாரமும் யாரும் சைக்கிளைத் தொடக் கூடாது. காலில் பலம் ஏற வேண்டுமென்றால் அந்தக் காலுக்கு ஓய்வும் வேண்டும். ஏழு பெண்களின் ஏழு சைக்கிள்களும் ஷெட்டில் கொக்கியில் தொங்கின. இரண்டு, ஓண விடுமுறைக்கு முந்தைய திங்கட்கிழமை பரீட்சை. தன் உடல் எடையில் ஒன்றரை மடங்கைத் தோளில் வைத்து, முழுக்க உட்கார்ந்து ஒரு தடவை எழ வேண்டும். எழாதவளுக்கு அடுத்த வருடம் ஹாஸ்டலில் இடம் கிடையாது.

இரண்டாவது விதியைப் படித்துவிட்டு சாரே முகம் சுளித்தார். இவ்வளவு வேண்டுமா என்று கேட்டார். பயம் இல்லாவிட்டால் பிள்ளைகள் பாரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றேன். அலுவலகத்துக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப்போயிற்று. டைப் அடித்து, சீல் வைத்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். நானும் போர்டுக்கு முன்னால் நின்று அதை இரண்டு தடவை படித்தேன். எனக்கு அவ்வளவு பெருமை.

வாரத்தில் மூன்று நாள் பயிற்சி. பெரிய எடைக்கான நாள் திங்கட்கிழமை. ஏன் திங்கட்கிழமை என்று யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் பளு தூக்கிய காலத்தில் ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடப்போம், திங்களன்று பெரிய எடை தூக்குவோம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அந்த ஏழு பேரில் சின்ன உருவம் ஜான்சி. அப்போது அவளுக்கு இருபது வயது, நாற்பத்தேழு கிலோ. பொன்முடியில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், அவள் வீடு. அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கிறாள். ஹாஸ்டல் இடம் போனால் ஜான்சிக்குக் கல்லூரியும் போகும், அடுத்த நாள் முதல் அவளும் கூடையை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவாள், ஞாயிறு கடைசி பஸ்ஸில் திரும்புவாள். பேச்சு ரொம்பக் குறைவு.

அவளுடைய ஒன்றரை மடங்கு, அரைக் கிலோவைத் தள்ளிவிட்டால், எழுபது கிலோ. வியாழக்கிழமைகளில் அவள் தூக்குவதைப் பார்த்தால் எழுபது ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும். அறுபதை வைத்து ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவாள். திங்கட்கிழமை வந்தால் அதே அறுபதோடு கீழே உட்கார்ந்தவள் பாதியில் நின்றுவிடுவாள், முழங்கால் உதறும். இது ஒரு வாரமல்ல, ஏழெட்டு வாரம். எல்லாவற்றையும் என் பதிவேட்டில் நானே என் கையால் எழுதியிருந்தேன். எழுதினேனே தவிர, படிக்கவில்லை.

நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? இவளுக்குப் பெரிய எடை என்றால் பயம், வீட்டுக்குப் போய் ஒன்றரை நாள் தின்றுவிட்டுத் தூங்கி வருகிறாள், உடம்பு மந்தமாகிவிடுகிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் எல்லார் முன்னாலும் கேட்கவும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு மட்டும் என்ன திருவிழாவா என்று கேட்டேன். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, காலணிக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

பரீட்சைக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தபோது ஒரு திங்கட்கிழமை, அவளுடைய பயத்தை உடைக்கிறேன் என்று ஒரேயடியாக அறுபத்தைந்தை ஏற்றினேன். உண்மையைச் சொன்னால் அது பயிற்சி இல்லை, என் கோபம். அவள் கீழே உட்கார்ந்தாள், எழவில்லை. நான் பின்னாலிருந்து பிடிப்பதற்குள் பார், இரண்டு பக்கமும் தாங்குவதற்காக மாட்டியிருந்த காப்புக் கம்பிகளின் மேல் விழுந்தது. அந்தக் கம்பிகள் மட்டும் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் எழுந்து நின்று, "ஸாரி டீச்சர்" என்றாள். என்னைப் பார்த்து அவள் மன்னிப்புக் கேட்டாள்.

முதுகில் பிடிப்பு இருக்கிறதா என்று பார்த்துத் தைலம் தேய்த்துவிட்டபோதுதான் அவள் தோளைக் கவனித்தேன். பார் வைத்த தடம் கழுத்துக்குக் கீழே குறுக்கே இருக்கும். எல்லாப் பெண்களுக்கும் இருக்கும். இவளுக்கு அதுவும் இருந்தது, அதோடு தோளின் மேலிருந்து மார்புப் பக்கமாக நெடுக இரண்டு சிவந்த தடங்கள் இறங்கின. இரும்புப் பார் அப்படித் தடம் போடாது. இத்தனை வாரமாக என் கண்முன்னே இருந்ததை நான் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

பையை மாட்டிக்கொண்டு வீட்டில் சைக்கிள் ஓட்டுகிறாயா என்று நேரடியாகக் கேட்டேன். இல்லை டீச்சர் என்றாள். பொய் சொல்கிற பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும், அவர்கள் கண் எங்கே போகும் என்றும் தெரியும். இவள் கண் என்னை விட்டு அசையவில்லை.

நானே போய்ப் பார்த்துவிடுவது என்று அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறினேன். நெடுமங்காடு தாண்டி, விதுரா தாண்டி, மலையடிவாரத்தில் கல்லாறு வந்ததும் கண்டக்டர் எல்லாரையும் இறங்கச் சொன்னார். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து ரோடு பாதி போய்விட்டதாம், இரண்டு மாதமாக பஸ்ஸும் ஜீப்பும் மேலே போவதில்லையாம். பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். நானும் படித்திருந்தேன். காபி குடித்து முடிப்பதற்குள் மறந்தும் இருந்தேன்.

அங்கே ஒரு டீக்கடை. பொன்முடி லயத்துப் பெண், ஹாஸ்டலில் படிக்கிறவள், இந்தப் பக்கம் வந்தாளா என்று கடைக்காரரிடம் விசாரித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"ஜான்சிக் குட்டியா? இப்பத்தான் ரெண்டாம் நட போச்சு. சைக்கிள் இவிடத்தான் வச்சிருக்கும். பாவம், நாலு வீட்டுக்கும் அதுதானே பஸ்ஸு."

தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் பைக்கில் மேலே கிளம்பிக்கொண்டிருந்தார். கெஞ்சிப் பின்னால் ஏறிக்கொண்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஏழாவது வளைவில் அவளைப் பார்த்தேன். பள்ளிக்கூட நாளில் ஓட்டிய பழைய கியர் சைக்கிள், பின்னால் கயிறு போட்டுக் கட்டிய அரிசி மூட்டை, தோளில் வார் வைத்த ஒரு பெரிய பை. சீட்டில் உட்காராமல் பெடலில் நின்றுகொண்டு, ஒவ்வொரு மிதிக்கும் மொத்த உடம்பையும் தூக்கித் தூக்கிப் போட்டு ஏறிக்கொண்டிருந்தாள். ஜிம்மில் அந்த இடுப்பும் தொடையும் அப்படி ஒன்றாக வேலை செய்ய வேண்டும் என்றுதான் இரண்டு மாதமாக நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

மண் சரிந்த இடத்தில் அவள் இறங்கி, மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நான் போய் முன்னால் நின்றேன். அவளுடைய முகம் வெளுத்துவிட்டது. என் விதியை மீறியதைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தாள்.

"டீச்சர், நான் சைக்கிள் ஓட்டல. சாமான் கொண்டு போறேன்."

"அப்ப இது என்ன மக்ளே?"

"இது வீட்டு வேல அல்லே டீச்சர்? பஸ் இல்ல. லயத்துல பைக் வச்சிருந்தவங்க ரெண்டு பேரும் கீழ வேலைக்குப் போய்ட்டாங்க. அரிசி தீந்துபோச்சு, பக்கத்து வீட்டு மாமாவுக்குப் பிரஷர் மாத்திர தீந்துபோச்சு. இதையும் ஓட்டுறதுல சேக்கணுமா?"

அவள் என்னிடம் பொய்யே சொல்லவில்லை. சைக்கிள் ஓட்டுவது என்றால் அவளுக்கு ஜெர்சி போட்டு, ஹெல்மெட் போட்டு, சார் விசிலோடு பின்னால் வர, ஓடுவது. இது அரிசி கொண்டுபோவது. துணி துவைப்பதை யாராவது பயிற்சிக் கணக்கில் சொல்வார்களா? சனிக்கிழமை பழவங்காடிக் கடைகளில் சாமான் வாங்கி, ஞாயிறு இரண்டு நடை, ஒவ்வொரு நடைக்கும் இருபது இருபத்தைந்து கிலோவோடு லயம் வரைக்கும் பதின்மூன்று வளைவு. அப்படி ஏறி இறங்கிய கால்களைத்தான் மறுநாள் காலை நான் பாருக்குக் கீழே நிறுத்தி, திருவிழாவா என்று கேட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் நின்றதால் தப்பித்தேன்.

மூட்டையை நான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். பழைய பளுதூக்கிக்கு அதுகூட முடியாதா என்ன? அவள் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சேற்றில் வழுக்கி வழுக்கி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம்.

லயத்தில் அவள் அம்மா எனக்குப் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். மகள் உள்ளே சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னாள். "புள்ள இப்பிடிச் சுமக்குதேன்னு எனக்கு மனசு கேக்கல டீச்சர். வேண்டாம்னு சொன்னா, சுமந்து ஏறுறதும் டிரெயினிங்தான், டீச்சரே செய்யச் சொன்னாங்கன்னு சொல்லுது."

உள்ளே சாமான் பிரிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றேன்.

நம் வேலையில் இதுபோன்ற பொய்களைச் சொல்ல நேரும்போது தயங்காதீர்கள். ஆனால் சொன்ன பொய்யை உண்மையாக்கும் பொறுப்பும் நம் தலையில்தான் விழும். திரும்பி வரும் பஸ்ஸில் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஜான்சியைப் பாரைத் தொட விடவில்லை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். திங்கட்கிழமை எண்களையும் வியாழக்கிழமை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கண்டதையும் சொன்னேன். பரீட்சையை வியாழக்கிழமைக்கு மாற்றுங்கள், தப்பு என்னுடையது என்றேன். என்னைப் போன்ற வாய்க்காரி தப்பு என்னுடையது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

சார் பதிவேட்டை நிதானமாகப் புரட்டினார். மாற்ற முடியாது என்றார். பட்டியல் திங்கட்கிழமை சாயங்காலம் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும், செவ்வாயிலிருந்து ஓண விடுமுறை. ஒருத்திக்காகத் தேதி மாற்றினால் மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் வந்து நிற்பார்கள். "அந்த ரூல் நீங்க எழுதினது அல்லே டீச்சரே?" என்று வேறு கேட்டார்.

அப்படியானால் இந்த ஒரு ஞாயிறு அவளைப் போக விடாமல் நிறுத்திவிடலாமா என்று யோசித்தோம். ஜான்சியைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப அரிசி?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் போன பிறகு சார் என் பதிவேட்டை இன்னொரு தடவை புரட்டினார். பிறகு சொன்னார்.

"எல்லாரும் ஏறட்டும். சைக்கிள் எல்லாம் இறக்குவோம். ஏழு பேரும் சாமான் கொண்டு ஏறட்டும், மறுநாள் ஏழு பேரும் உங்க பாரத் தூக்கட்டும். எல்லார் காலும் ஒருபோல இருக்கும். அப்பப் பாக்கலாம்."

அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்கு உடனே புரிந்தது. ஏறிய மறுநாள் ஏழு பேரும் தோற்றால், ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்ப எந்த அலுவலகத்துக்கும் தைரியம் வராது. விதி தானாகச் செத்துவிடும், ஜான்சி பிழைத்துக்கொள்வாள். ஆனால் விதியோடு சேர்த்து என் எடைப் பயிற்சியும் செத்துவிடும். பன்னிரண்டு வாரம் இரும்பு தூக்கி என்ன கிடைத்தது, ஏழு பேரில் ஒருத்திகூட எழவில்லை என்று ஊரே சிரிக்கும். சாருடைய உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, அதையும் பார்த்தேன். எத்தனையோ வருடம் மன்றாடிக் கிடைத்த அந்த ஒரே மழை ஒரு பக்கம், நாற்பத்தேழு கிலோ ஜான்சி இன்னொரு பக்கம்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். யோசிக்கவில்லை. அரிசி எவ்வளவு என்று கணக்குப் போட்டு இன்றைக்கே வாங்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

கொக்கியிலிருந்து சைக்கிள்களை இறக்கப்போகிறோம் என்றதும் பெண்கள் போட்ட கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். மறுநாள் பரீட்சை கஷ்டமாக இருக்கும், வேண்டாம் என்பவர்கள் வரவேண்டாம் என்றேன். ஒருத்திகூடப் பின்வாங்கவில்லை. திருவிழா என்று நான் கேட்டபோது எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்த பெண்தான் முதலில் கை தூக்கினாள்.

அந்த ஞாயிறு மழை விட்டிருந்தது. ஏழு பேரும் தலைக்கு ஏழு கிலோவாக அரிசி, பருப்பு, எண்ணெய், மாத்திரை என்று முதுகில் கட்டிக்கொண்டு கல்லாற்றிலிருந்து ஏறினார்கள். சார் ஸ்கூட்டரில் பின்னால் போனார், நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வளைவில் வரிசை கலைந்தது. ஐந்தாவதில் ஜான்சி தனியாக முன்னால் போய்விட்டாள். பாதாளம் பார்க்கிற அந்த வளைவுகளில் அவள் மேலே ஏற ஏறச் சின்னதாகிக்கொண்டே போனாள். சரிந்த இடத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, தன் பையை அந்தப் பக்கம் கொண்டு வைத்துவிட்டு, மற்றவர்களின் சைக்கிளைத் தாண்ட வைக்கத் திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தாள். சார் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார். "இந்தக் குட்டியா இருபத்தஞ்சு கிலோ கெட்டிட்டு ரெண்டு தடவ ஏறினது?" ஆமாம் என்றேன். அவர் திரும்பி, ஏறி வந்த வளைவுகளை எட்டிப் பார்த்தார்.

லயத்தில் நாலு வீட்டுக்காரர்களும் வெளியே வந்து நின்றார்கள். ஒரே நடையில் இரண்டு நடைச் சாமான் வந்து இறங்கிவிட்டது. பெண்கள் வாசலில் உட்கார்ந்து அவித்த மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் தின்றார்கள். கிராம் கணக்குப் பார்க்கிற சாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்.

திங்கட்கிழமை காலை. காப்புக் கம்பிகளை வழக்கத்தைவிட ஒரு துளை உயர்த்தி வைத்தேன். பாதியில் நின்றால் உடனே பாரை வைத்துவிட வேண்டும், வீரம் காட்டக் கூடாது என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். சார் பட்டியல் காகிதத்தோடு சுவரோரம் உட்கார்ந்தார்.

முதலில் வந்தவள் எங்கள் ஸ்பிரின்ட்காரி, தொடை மரம்போல இருக்கும். உட்கார்ந்தாள், எழவில்லை. அடுத்தவளும் எழவில்லை. மூன்றாமவள் பல்லைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, எப்படியோ எழுந்துவிட்டாள். அப்புறம் மூன்று பேர் வரிசையாகக் கம்பியில் வைத்துவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். படி ஏறி ஜிம்முக்கு வருவதே பெரும்பாடாக இருந்தது என்று ஒருத்தி முனகினாள். ஆறு பேரில் ஐந்து பேர் போயாயிற்று. என் மழைக்காலம் என் கண்முன்னே தரையில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

கடைசியாக ஜான்சி. நான் எழுபதைப் போட்டேன். அவள் பாருக்குக் கீழே தலையைக் கொடுத்து, தோளில் ஏற்றி, இரண்டு அடி பின்னால் வந்தாள். உட்கார்ந்தாள். நாற்காலியிலிருந்து எழுவதுபோல எழுந்தாள்.

பெண்கள் யாரும் கைதட்டவில்லை. அவர்களுக்கே நம்ப முடியவில்லை. அவள் ஸ்டாண்டில் வைப்பாள் என்று பார்த்தேன், வைக்கவில்லை. இன்னொரு தடவை உட்கார்ந்து எழுந்தாள். அதற்கப்புறம்தான் ஜிம்மே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. தரையில் கிடந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள்.

பாரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். மூச்சுகூடப் பெரிதாக வாங்கவில்லை.

"இன்னும் அஞ்சு போடுங்க டீச்சர்."

இரண்டு வாரத்துக்கு முன்னால் கோபத்தில் எடை ஏற்றிய கை இது. நான் யோசித்தேன். முதல் தடவை முழங்கால் உள்ளே சாய்ந்ததா? இல்லை. இரண்டாம் தடவை வேகம் குறைந்ததா? இல்லை. குதிகால் தரையை விட்டதா? அதுவும் இல்லை. பரீட்சையில் அவள் தேறியாயிற்று, இது யாருக்கும் தேவையில்லாத ஐந்து கிலோ. போதும் மக்ளே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அஞ்சு கிலோ எவ்வளவுன்னு எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள்.

நான் பிளேட் எடுக்கத் திரும்பினேன். அதற்குள் சார் எழுந்து வந்துவிட்டார். என் ஜிம்மில் அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட ஒரு இரும்பைத் தொடாத மனிதர், இரண்டு கையிலும் இரண்டு சின்னப் பிளேட்டுகளை எடுத்து வந்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று மாட்டினார். மாட்டிவிட்டு ஒதுங்கி நின்று, "தூக்கு மோளே" என்றார். அவள் தூக்கினாள்.

அந்த வருட சீசனில் மலை ஏற்றப் பந்தயங்களில் ஜான்சி என்ன செய்தாள் என்பதை சைக்கிள்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் சொல்லத் தேவையில்லை. மற்ற ஐந்து பேரும் விடுமுறை முடிந்து வந்து, ஒரு வியாழக்கிழமை, ஒரு மாலைக்குள் எழுபதும் எண்பதுமாகத் தூக்கிவிட்டுப் போனார்கள். எடைப் பயிற்சிக்கு அடுத்த மழையும் கிடைத்தது, அதற்கடுத்ததும் கிடைத்தது. பெரிய எடை வியாழக்கிழமைக்குப் போயிற்று. புதிதாகச் சேருகிற பிள்ளையிடம், பயிற்சி இல்லாத நாளில் வீட்டில் என்னென்ன வேலை செய்கிறாய் என்றுதான் முதலில் கேட்டேன். நீங்களும் அதைத்தான் முதலில் கேளுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பட்டியலில் இரண்டு பெயருக்கு நேரே மட்டும் 'தேறினார்' என்று எழுதியிருந்தது, அதில் முதல் பெயர் ஜான்சி. மற்ற ஐந்து பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று சார் பேனாவோடு தயங்கினார். பட்டியல் இப்படியே போனால் அலுவலகம் விதியைக் காட்டிக் கேள்வி கேட்கும், பதில் சொல்ல யாராவது வேண்டும். நான் பேனாவை வாங்கி, பரீட்சைக்கு நாள் குறித்தது தவறு, பிள்ளைகளிடம் குறை இல்லை, தவறு எடைப் பயிற்சியாளருடையது என்று எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டேன். இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அத்தனை அழகாக ஒரு தடவையும் விழுந்ததில்லை.